கத்திரி முடிவதற்குள் டயரைப் பாருங்கள்

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் டர்போ இன்ஜின் வைத்த சிறிய கார் ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐ20 என் லைன், போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., ஆல்ட்ராஸ் ரேசர், யாரோ ஒருவர் ஆசையாகப் பாதுகாத்துவரும் அபார்த் புன்டோ என எதுவாக இருந்தாலும் சரி. டயர் மாற்றும் எண்ணம் இருந்தால் மழை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த மே மாதத்திலேயே, தள்ளிப்போனாலும் ஜூன் முடிவதற்குள், மாற்றிவிடுங்கள். கடையில் போய் ‘நல்ல கிரிப் டயர்’ என்று பொதுவாகக் கேட்காமல், ஈரச் சாலையில் நல்ல கிரிப் கொடுக்கும் டயர் என்று கேளுங்கள். வெயிலுக்கு வாங்கும் டயரை மழையை மனதில் வைத்து வாங்க வேண்டிய ஊர் இது.

முதலில் காரைப் பற்றி. 120 பி.எஸ். சக்தியும் 170 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்குவிசையும் நம் நாட்டில் ஒரு காலத்தில் பெரிய செடான்களுக்கே கிடைத்தவை. இன்று அவை நாலு மீட்டருக்குள் அடங்கும் ஹேட்ச்பேக்கில் வருகின்றன. அபார்த் புன்டோ 2015இல் வந்தபோதே 145 பி.எஸ். கொண்டிருந்தது. இந்தக் கார்கள் எல்லாமே முன்சக்கரம் இழுக்கும் வகை. அதாவது காரை இழுப்பது, திருப்புவது, பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு பாரத்தைத் தாங்குவது என மூன்று வேலையும் முன்பக்கத்து இரண்டு டயர்களின் தலையில்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். டர்போ திடீரென்று உதைக்கும்போது அந்த உள்ளங்கை ஈரத்தில் இருந்தால் சக்கரம் சுற்றும், கார் நகராது. ஸ்டீயரிங் கையில் ஒரு பக்கம் இழுக்கும்.

அதைவிட முக்கியம் பிரேக். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார், நல்ல காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் மிதித்தால் சுமார் 18 மீட்டரில் நிற்கும். உராய்வு கொஞ்சம் குறைந்த ஈரச் சாலையில் 28 மீட்டர் ஆகும். எண்ணெயும் நீரும் கலந்த வழவழப்பில் 47 மீட்டர் வரை போகும். உராய்வுக் குணகத்தை 0.8, 0.5, 0.3 என்று வைத்துப் போட்ட எளிய பள்ளிக்கூடக் கணக்கு இது. ஓட்டுபவர் சுதாரித்து மிதிக்க எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். டயரில் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

நம் சாலையில் என்ன இருக்கிறது

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை மற்றச் சாலைகளோடு ஒப்பிடவே முடியாது. துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களிலிருந்து டீசலும் இன்ஜின் ஆயிலும் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்று நின்று நகர்வதால் அந்தச் சொட்டுகள் இடதுபக்கத் தடத்தில் ஒரு நீண்ட கறுப்புப் பட்டையாகவே படிந்துவிடுகின்றன. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வெளியேறும் வண்டிகளிலிருந்து ஐஸ் உருகிய தண்ணீர் வழிகிறது. மீனின் வழவழப்பும் செதிலும் கலந்த அந்த நீர், நல்ல வெயிலிலும் சாலையின் ஒரு பகுதியை ஈரமாக வைத்திருக்கும். காய்ந்தாலும் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். கடல் சீறும் நாட்களில் கரைக் கற்களைத் தாண்டி மணல் சாலைக்கு வந்துவிடும். இன்னும் வடக்கே போனால் நிலக்கரித் தூள், சாம்பல். மழைக்காலத்தில் மட்டும்தான் வழுக்கும் என்று வேறு ஊர்க்காரர் சொல்லலாம். காசிமேட்டில் நண்பகல் வெயிலிலும் ஒரு வளைவில் வழுக்கும்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆகவே மீன் வண்டிகள் குறைந்து, சாலை கொஞ்சம் உலர்ந்திருக்கிறது. இந்த உலர்ந்த நாட்களில் தேய்ந்த டயர்கூட நன்றாகவே ஓடுவதுபோல் தோன்றும். உண்மையில் காய்ந்த சாலையில் மொட்டை டயரின் பிடிப்பு உடனே குறைந்துவிடாது. சில சமயம் கூடக்கூடச் செய்யும். அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. தண்ணீரை வெளியே தள்ளுவதற்குத்தான் டயரில் பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள். ஜூன் 15க்குப் பிறகு வண்டிகள் திரும்பவும் வரிசையாக வெளியேறும்போது, அந்தப் பள்ளங்கள் இல்லாத குறை தெரியும்.

அடுத்து முதல் மழை. மாதக்கணக்கில் படிந்த எண்ணெய், தூசி, டயர்களிலிருந்து தேய்ந்து விழுந்த ரப்பர்த் துகள் எல்லாம் முதல் பத்து இருபது நிமிடத் தூறலில் நனைந்து குழம்பாகிவிடும். பெருமழை பெய்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும். தூறலோடு நின்றுவிட்டால் அப்படியே இருக்கும். கத்திரியின் கடைசி நாட்களிலும் ஜூன், ஜூலை மாலைகளிலும் வெப்பச்சலனத்தால் பெய்யும் திடீர் மழைதான் இந்த வகையில் மிக மோசமானது. ஐப்பசி அடைமழையில் எல்லோரும் எச்சரிக்கையாக ஓட்டுவார்கள். ஜூன் மாத மாலைத் தூறலில் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. அந்தப் பொழுதுகளில் இடது தடத்தின் கறுப்புப் பட்டையில் சக்கரம் ஏறாமல் ஓட்டுங்கள். முன்வண்டியோடு வழக்கமாக விடும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள்.

எந்த டயர்

‘சம்மர் டயர்’ என்று இணையத்தில் தேடினால் ஐரோப்பாவைச் சேர்ந்த பேச்சுதான் முதலில் வரும். அங்கே வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்கால டயர், மேலே ஏறினால் கோடைக்கால டயர் என்று ஆண்டுக்கு இருமுறை மாற்றுவார்கள். சென்னையில் அந்தக் கேள்வியே இல்லை. இங்கே நம் கார்களில் வருவது பெரும்பாலும் கோடை வகை டயர்தான். ஆகவே நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த வகைக்குள் இருக்கும் இரண்டு போக்குகளுக்கு இடையில்தான். ஒன்று, மைலேஜும் நீண்ட ஆயுளும் மென்மையான பயணமும் தரும் டயர். இன்னொன்று, பிடிப்புக்கு முதலிடம் தரும் டயர். கார் நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் வகையைத்தான் மாட்டிக் கொடுக்கின்றன. சக்தி மிகுந்த சிறிய காருக்கு நான் இரண்டாவது வகையைத்தான் சொல்வேன், 40,000 கி.மீ. ஓடுவதற்குப் பதில் 30,000 கி.மீ. ஓடினாலும்.

ரப்பர் சாலையைப் பிடிப்பது எப்படி என்று தெரிந்தால் தேர்வு எளிதாகும். தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கி, பிறகு சற்றுத் தாமதமாக மீள்கிறது. அந்தத் தாமதத்தில் செலவாகும் ஆற்றல்தான் பிடிப்பு. அதே ஆற்றல் இழப்புதான் சாதாரண ஓட்டத்தில் எரிபொருளையும் தின்கிறது. இரண்டையும் ஒரே ரப்பரில் சமாளிக்க வழி கண்டது சிலிக்கா. கரித்தூளுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா சேர்த்த டயரை 1992இல் மிஷெலின் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு ஈரப் பிடிப்பு குறையாமலே உருளும் தடையைக் குறைக்க முடிந்தது. இன்று நல்ல நிறுவனங்கள் எல்லாம் இதைப் பின்பற்றுகின்றன. எனவே கடையில் சிலிக்கா கலவையா என்று கேட்பது நியாயமான கேள்வி.

டயர் நம் பகுதிக்குப் புதிய பொருள் இல்லை. கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. 1952இல் பழைய டயர்களுக்குப் புதுப் பட்டன் போடும் டிரெட் ரப்பருக்கு மாறினார். 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தோடு சேர்ந்து டயர் தயாரிப்பில் இறங்கினார். எம்.ஆர்.எஃப். என்று கிரிக்கெட் மட்டையில் உலகம் பார்த்த பெயரின் தொடக்கம் நம் திருவொற்றியூர்தான். 2022இல் ஐரோப்பிய ரேலி சாம்பியன் பட்டத்தை எஃப்ரேன் யாரேனா வென்றது அந்த நிறுவனத்தின் டயரில். இதைச் சொல்லக் காரணம் ஊர்ப்பெருமை மட்டும் இல்லை. வெளிநாட்டுப் பெயர் இருந்தால்தான் பிடிப்பு இருக்கும் என்று நம் பையன்கள் நினைப்பது தவறு. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு வெளிநாட்டு உயர்ரக டயர்கள் நமக்குத் தேவையான 16 அங்குல அளவில் எப்போதும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சில சமயம் நெடுநாள் கிடங்கில் கிடந்த சரக்காக இருக்கும். மூன்று வருடம் பழையதான உயர்ரக டயரைவிட, மூன்று மாதம் முன்பு செய்த நல்ல உள்நாட்டு டயர் மேல்.

பெயர் சொல்லச் சொன்னால், எம்.ஆர்.எஃப். பெர்ஃபின்சா, அப்போலோ நிறுவனம் விற்கும் வ்ரெடெஸ்டைன் அல்ட்ராக் வரிசை, கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட், மிஷெலின் பைலட் ஸ்போர்ட் வரிசை, யோகோஹாமா அட்வான், பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆகியவற்றை விசாரியுங்கள். எல்லாம் எல்லா அளவிலும் வராது. உங்கள் அளவில் இருப்பவற்றில் ஈரப் பிடிப்புக்குப் பெயர் பெற்றதை எடுங்கள். ஓட்டப்பந்தயத் தடத்துக்கென்றே செய்த, பள்ளம் குறைந்த, ஒட்டும் டயரை மட்டும் எடுக்காதீர்கள். காய்ந்த சாலையில் அது அற்புதமாகப் பிடிக்கும். சுரங்கப்பாதையிலிருந்து ஏறும் இடத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் அதே டயர் நீரின் மேல் மிதந்துவிடும்.

டயரின் பக்கச்சுவரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஐ20 என் லைன், பிற்கால போலோ டி.எஸ்.ஐ., அபார்த் புன்டோ மூன்றுமே 195/55 ஆர் 16 அளவில் வந்தவை. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம், 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு, 16 ரிம்மின் விட்டம். அதையடுத்து 87 வி என்பதுபோல் இருக்கும். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும், ஹெச் 210, டி 190. யாரும் 240இல் போகப் போவதில்லை. ஆனால் அந்த எழுத்து, டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் மறைமுகமாகச் சொல்கிறது. கத்திரியில் தார்ச்சாலை 60 டிகிரியைத் தொடும் ஊரில் கார் நிறுவனம் கொடுத்த எழுத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். விலை குறைவு என்று வி இருந்த இடத்தில் டி மாட்டிவிடும் கடைகள் உண்டு.

நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். அது தயாரித்த தேதி. 1825 என்றால் 2025ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். ஆறு மாதத்துக்கு உட்பட்டதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான்கு டயரிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றைக் காட்டிவிட்டு மற்றதை மாட்டுவது நடக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். சில டயர்களில் டிரெட்வேர், டிராக்ஷன், டெம்பரேச்சர் என்று மூன்று மதிப்பீடுகள் இருக்கும். டிராக்ஷன் என்பது ஈரச் சாலையில் பிரேக் பிடித்துப் பார்த்த மதிப்பீடு. ஏஏ மிக உயர்ந்தது, ஏ போதுமானது, பி வேண்டாம். டெம்பரேச்சர் ஏ இருக்கட்டும். டிரெட்வேர் 280 முதல் 400 வரை இருந்தால் நம் உபயோகத்துக்குச் சரி. 200க்குப் பக்கத்தில் இருந்தால் அது பந்தயத் தடத்தின் டயர். இந்த டிரெட்வேர் எண்ணை நிறுவனங்கள் தாங்களே போட்டுக்கொள்வதால் ஒரு நிறுவனத்தின் 300ஐ இன்னொன்றின் 300ஓடு ஒப்பிட முடியாது.

அளவை மாற்றும் ஆசை நம் பையன்களிடம் அதிகம். 17 அங்குல அலாய், 215/45 டயர் மாட்டினால் கார் பார்க்க எடுப்பாக இருக்கும் என்பது உண்மை. மொத்த விட்டமும் பெரிதாக மாறாது. ஆனால் 195/55இல் பக்கச்சுவர் உயரம் 107 மி.மீ.; 215/45இல் 97 மி.மீ.தான். கன்டெய்னர் லாரிகள் அழுத்தி உடைத்த விளிம்புகள், திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் பள்ளங்கள், மழைநீர் மறைத்த மேன்ஹோல் மூடிகள் இவற்றில் அந்த 10 மி.மீ. ரப்பர்தான் ரிம்மைக் காப்பாற்றுகிறது. பக்கச்சுவர் அடிபட்டுப் புடைத்துக்கொண்டால் அந்த டயர் தூக்கிப்போட வேண்டியதுதான். பஞ்சர் போடுவதுபோல் சரிசெய்ய முடியாது. தவிர, அகலமான டயர் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். அசல் அளவிலேயே நல்ல டயர் போடுவதுதான் என் யோசனை. மிஞ்சிப் போனால் 205/55 ஆர் 16 போடலாம், விட்டம் 2 விழுக்காட்டுக்குள்தான் கூடும். முழுக்க ஸ்டீயரிங் திருப்பி, நாலு பேர் உட்கார்ந்து, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகுதான்.

ஒட்டும் டயரின் முழுச் சுவையை அறிய விரும்புபவர்களுக்கு இடம் இருக்கிறது. வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டு காலம் நடந்த பந்தயங்களைப் பார்த்து வளர்ந்தது சென்னை. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே வந்தது. 2024 ஆகஸ்டு கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்ததை நம் பகுதிப் பிள்ளைகள் ஆர்வமாகப் போய்ப் பார்த்தார்கள். மகிழ்ச்சிதான். தடத்தில் ஓட்டவென்று நாட்கள் ஒதுக்குகிறார்கள். பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு அங்கே ஓட்டுங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் விடியற்காலை வலை தூக்கி நடந்து வருபவரும், கூடை சுமந்து குறுக்கே கடப்பவரும், விளக்கில்லாத மீன்பாடி வண்டியும் உண்டு.

மாட்டிய பிறகு

புது டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து எளிதாகக் கழற்றப் பூசிய வழவழப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும். முதல் 300 கி.மீ. வரை முழுப் பிடிப்பு வராது. இப்போது மாட்டினால் அந்தத் தூரம் காய்ந்த சாலையிலேயே கழிந்துவிடும். அக்டோபரில் மழை தொடங்கிய பிறகு, டயர்க் கடையில் கூட்டத்தோடு நின்று, கையிருப்பில் இருந்ததை மாட்டிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டு டயர் மட்டும்தான் வாங்க முடியும் என்றால் புது டயரைப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். கடையில் ‘இழுக்குறது முன்சக்கரம் தானே சார், புதுசை முன்னாடி போடலாம்’ என்பார்கள். கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் கார் நேரே போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதைப் பிடிக்கப் பழகியவர்கள் நம்மில் மிகச் சிலர். சுமார் 8,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிக்கொண்டே இருந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும், இந்தச் சிக்கலே வராது. அதோடு அலைன்மென்டும் பாருங்கள்.

காற்று விஷயத்தில் ஒரு தவறான பழக்கம் நம் பகுதியில் ஊறிப்போயிருக்கிறது. வெயில் காலத்தில் காற்று விரியும், டயர் வெடிக்கும் என்று பயந்து மூன்று நாலு பி.எஸ்.ஐ. குறைத்து வைக்கிறார்கள். இது நேர்மாறான பலனைத் தரும். காற்று குறைந்த டயர் அதிகமாக வளைந்து நெளியும். அந்த நெளிவில்தான் சூடு ஏறுகிறது. வெடிக்கும் டயர்களில் பல குறைந்த காற்றால் வெடிப்பவை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் போட்டிருக்கும் அளவைக் காலையில், வண்டி எடுக்கும் முன், அல்லது ஓரிரு கி.மீ.க்குள் வையுங்கள். மதியம் ஓடிய பிறகு நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டினால் அது இயல்பு, இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜன் போட்டாலும் தவறில்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான், ஆகவே அதை நம்பி மாதாமாதம் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

காற்றுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டு. சாலையில் நீர் நிறைந்து நிற்கும்போது டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. விமானச் சக்கரங்களைச் சோதித்துக் கண்டது. அதன்படி 33 பி.எஸ்.ஐ. வைத்த டயர் மணிக்கு ஏறக்குறைய 95 கி.மீ.யில் மிதக்கும், 25 பி.எஸ்.ஐ. என்றால் 83 கி.மீ.யிலேயே மிதக்கும். பள்ளம் ஆழமாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். சட்டப்படி 1.6 மி.மீ. ஆழம் இருந்தால் போதும்; பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் சிறு ரப்பர்க் கட்டைகளின் உயரம் அதுதான். நான் 3 மி.மீ.யிலேயே மாற்றச் சொல்வேன். ஐப்பசிக்கு முன் 3 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் அந்த டயரோடு மழைக்காலத்துக்குள் நுழையாதீர்கள்.

கடற்கரையில் வண்டி நிறுத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக்காற்றில் அலாய் ரிம்மின் உள்விளிம்பு, டயர் உட்காரும் இடம், பூத்துப் பொரிந்துவிடுகிறது. பஞ்சரே இல்லாமல் வாரம் மூன்று பி.எஸ்.ஐ. இறங்கிக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். டயர் கழற்றும் நாளில் அந்த விளிம்பைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வால்வையும் புதிதாக மாற்றுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வீல் நட்டுகளில் துரு இருந்தால் மாற்றிவிடுங்கள். காற்றுத் துப்பாக்கியால் வெறித்தனமாக இறுக்கவிடாமல் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லி, 100 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை சரிபாருங்கள்.

துறைமுகச் சாலையில் ஆணி, போல்ட், அறுந்த இரும்புக் கயிற்றின் மெல்லிய கம்பி இழைகள் அதிகம். மென்மையான ரப்பர் இவற்றை எளிதாக வாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து திரி சொருகும் பஞ்சர் வேலையோடு நிறுத்திக்கொள்ளாமல், டயரைக் கழற்றி உள்பக்கம் பேட்ச் ஒட்டும் கடையைத் தேடுங்கள். பக்கச்சுவரிலோ தோளிலோ குத்தினால் ஒட்டவே கூடாது.

நாலு டயரையும் பார்த்தவர்கள் ஸ்டெப்னியை மறந்துவிடுகிறார்கள். டிக்கியைத் திறந்து அதன் தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள். ஓடவே இல்லை என்றாலும் ஆறு வருடம் ஆகியிருந்தால் ரப்பர் இறுகியிருக்கும். பல கார்களில் ஸ்டெப்னி மற்ற நான்கைவிடச் சிறிய அளவு. அப்படியானால் அதன் மேல் எழுதியிருக்கும் வேக வரம்புக்குள் மட்டும், பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் ஓட்டுங்கள். முடிந்தால் அதைப் பின்சக்கரத்தில் மாட்டி, பின்னாலிருந்த நல்ல டயரை முன்னால் கொண்டுவாருங்கள். அதிலும் இன்றே காற்று அடித்து வையுங்கள், அட்டையில் ஸ்டெப்னிக்கு என்று தனியாகப் போட்டிருக்கும் அளவுக்கு.